மதுரையிலிருந்து மலைக்கு: முதலில் மாதத்தைப் பாருங்கள்

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய மறுவாரம் ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். கொடைக்கானல் பஸ் உள்ளே வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். தேர்வு முடிந்த பிள்ளைகள், விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்ட பாட்டிகள், இரண்டு கட்டைப் பை நிறைய முறுக்கும் புளியோதரையும். பல வருடங்கள் நானும் அந்தக் கூட்டத்தில் நின்றவன்தான். மலைப்பாதையில் வண்டி வரிசைக்குப் பின்னால் ஊர்ந்து, பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்து, மிச்சமிருந்த ஒரே அறையை அவர்கள் கேட்ட வாடகைக்கு எடுத்து, மறுநாள் ஏரியைச் சுற்றிவிட்டு இறங்குவோம். மலையைப் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பிறகு ஒரு வருடம் அலுவலக வேலையாக மாசி மாதத்தில் கொடைக்கானல் போக நேர்ந்தது. தெளிந்த வானம், ஆளில்லாத பாதை, தூண் பாறையை மேகம் மறைக்காத முழுக் காலைப் பொழுது. அறை வாடகை மே மாதத்தில் கொடுத்ததில் பாதிகூட இல்லை. அன்றுதான் தெரிந்தது, இத்தனை காலமும் போனது அதே மலைக்குத்தான், ஆனால் தவறான மாதத்தில்.

மதுரையிலோ அதைச் சுற்றியுள்ள ஊர்களிலோ இருந்துகொண்டு, குடும்பத்தோடு முதல் முறையாக மலைக்குப் போகத் திட்டமிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "எந்த மலைக்குப் போகலாம்?" என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். எந்த மாதத்தில் உங்களுக்கு விடுப்புக் கிடைக்கும் என்று முதலில் பாருங்கள். மாதம் தெரிந்தால் மலை தானாகத் தெரியும்.

முதல் படி: இரண்டு மழைகளையும் புரிந்துகொள்வது

நம் ஊருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் போல நிற்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை அந்தச் சுவரின் கேரளப் பக்கத்தில் கொட்டிவிட்டு, வெறுங்காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. ஆடி மாதத்தில் மதுரை மொட்டை மாடியில் காயப்போட்ட துணியைப் பறக்கடிக்கும் காற்று அதுதான். நமக்குப் புழுதி பறக்கும் அதே நாளில் மூணாறில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்த மழைதான் முல்லைப்பெரியாறு அணையை நிரப்பி, சுரங்கவழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்கி, வைகை அணைக்கும் வந்து சேர்கிறது. 1895 முதல் நம் வயல்களுக்கு அந்தத் தண்ணீர் வருகிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இது வங்கக் கடலிலிருந்து வருவதால் கிழக்கு முகமான மலைகளில் கொட்டும். சிறுமலை, தாண்டிக்குடி, கொடைக்கானல் எல்லாம் இதில் நனையும். கொடைக்கானலுக்கு இரண்டு மழையும் உண்டு. ஆனாலும் அது வலுவாக நனைவது ஐப்பசி, கார்த்திகையில்தான். மூணாறு ஆனி, ஆடியில் நனையும்.

இவ்வளவு தெரிந்தாலே பாதித் திட்டம் முடிந்த மாதிரி. ஜூலையில் விடுப்பா? கேரள முகத்தை விட்டுவிட்டு நம் பக்க மலையைப் பாருங்கள். நவம்பரில் விடுப்பா? கிழக்கு முக மலைகளில் எச்சரிக்கை தேவை.

குளிரையும் கணக்குப் போடலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி வெப்பம் குறையும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதுரை அதைவிட ஏறத்தாழ 2,000 மீட்டர் கீழே. ஆக உயரத்தால் மட்டுமே பதின்மூன்று டிகிரி இறங்கிவிடும். மேகமும் சோலையும் இன்னும் கொஞ்சம் இறக்கும். மதுரையில் 38 டிகிரி காயும் மே மாதப் பகலில் அங்கே 20 அல்லது 21 டிகிரிதான். ஜனவரி இரவில் 8 டிகிரி சாதாரணம். சில விடியல்களில் ஏரிக்கரைப் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்.

இரண்டாவது படி: மாதத்துக்கு ஏற்ற மலை

பழந்தமிழ்த் திணை இலக்கணம் குறிஞ்சி நிலத்துக்குரிய பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும் சொல்கிறது. ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. குளிரும் மழையும் இருளும் சேர்ந்தால்தான் மலை மலையாக இருக்கும் என்று நம் முன்னோர் நினைத்தார்கள். தலைவி காத்திருக்கும் கவிதைக்கு அது சரி. பிள்ளைகளையும் வயதானவர்களையும் பஸ்ஸில் அழைத்துப் போகும் நமக்கு அந்த வரிசையில் அடுத்து வரும் பின்பனி, அதாவது மாசி, பங்குனிதான் மிகப் பொருத்தம் என்பது என் தீர்மானமான கருத்து.

பிப்ரவரி நடுப்பகுதி தொடங்கி மார்ச் வரை மழை அநேகமாக இல்லை. பகலில் இதமான வெயில், இரவில் ஒரு கம்பளிக்கு அடங்கும் குளிர். காலையில் கோக்கர்ஸ் நடைபாதையில் நின்றால் கீழே சமவெளியும் வைகை அணைத் தண்ணீரும் தெரியும் அளவுக்குக் காற்று தெளிந்திருக்கும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் கோடை மழை ஒன்று விழுந்துவிட்டால் ஒரு வாரத்தில் காப்பித் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகைக்குப் பேர்போன ஊர்க்காரர்களான நமக்கே அந்த வாசனை ஒரு கணம் குழப்பத்தைத் தரும். பூ சில நாள்கள்தான் நிற்கும். நாள் குறித்துக்கொண்டு போய்ப் பார்க்க முடியாது, வாய்த்தால் பார்க்கலாம். பள்ளிக்கூடத் தேர்வுக் காலம் என்பதால் பலர் இந்த மாதங்களை விட்டுவிடுகிறார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீட்டிலும், பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட வீட்டிலும் அந்தத் தடை இல்லையே.

இந்தக் காலத்தின் ஒரே ஆபத்து தீ. புல் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத் தீ சூழ்ந்து, மலையேற்றத்துக்குப் போனவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். தேனி மாவட்டத்துக்காரர்கள் இன்றும் அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். அதன் பிறகு தீக்காலத்தில் வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடுகிறது. மூடியிருக்கிறது என்றால் மூடியிருக்கிறது. உள்ளூர் ஆள் ஒருவர் வேறு வழியாகக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள்.

மூணாறு போகிறவர்களுக்கு இந்தக் காலத்தில் இன்னொரு செய்தி. வரையாடுகள் குட்டி போடும் பருவம் என்பதால் இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வழக்கமாக மூடிவிடுவார்கள். வரையாடு பார்க்க வேண்டுமென்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருந்தால் ஏப்ரலுக்குப் பிறகு போங்கள்.

சித்திரையும் வைகாசியும் எல்லோருக்கும் தெரிந்த காலம். மே 4 முதல் 28 வரை கத்திரி வெயிலில் மதுரை கொதிக்கும்போது மேலே போகத் தோன்றுவது இயல்பு. பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சியும் மே மாதத்தில்தான் நடக்கும். பிள்ளைகளுக்கு வேறு விடுமுறை கிடையாது என்றால் போகத்தான் வேண்டும். அப்படிப் போவதானால் ஏப்ரல் இரண்டாம் வாரமோ, ஜூன் முதல் வாரத்தில் பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள்களோ பாருங்கள். ஞாயிறு மதியம் ஏறி புதன் காலை இறங்குங்கள். எல்லோரும் இறங்கும் நேரத்தில் நீங்கள் ஏறுவதால் பாதை கிடைக்கும், அறையும் கிடைக்கும். இந்த மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடி மழை வருவது வழக்கம் என்பதால், பார்க்க வேண்டியதை எல்லாம் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். மே, ஜூனில் பிளம்ஸ் வரும். மலைப்பாதை ஓரத்தில் கூடையில் வைத்திருப்பார்கள், ஒன்றைக் கடித்துப் பார்த்து வாங்குங்கள்.

ஆனி, ஆடி, ஆவணி: இதுதான் மதுரைக்காரர்கள் கவனிக்கத் தவறும் காலம். மேற்கே பெருமழை. மூணாறு, கேரளப் பக்க மலைகளைத் தவிர்த்துவிடுங்கள். 1924 ஜூலைப் பெருமழையில் மூணாறு நகரமே அழிந்தது, மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஓடிய சிறு ரயில் பாதையும் அடித்துப் போனது. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை அருகே பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் மேல் மலை சரிந்தது. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பங்கள். மண் ஊறிய மலையை வேடிக்கை பார்க்கப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் அதே ஜூலை, ஆகஸ்டில் கொடைக்கானலுக்கு வார நாளில் போய்ப் பாருங்கள். சாரல் விட்டு விட்டு விழும், மேகம் தெருவில் நடந்து வரும், கடைக்காரர்கள் பேசுவதற்கு நேரம் வைத்திருப்பார்கள். பேரிக்காய் மரங்கள் காய்த்துக் குலுங்கும். காட்சி முனைகளில் ஒன்றும் தெரியாது. அதை எதிர்பார்த்தே போங்கள். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போனால் படிக்கட்டு வயல்களும் பூண்டுத் தோட்டங்களும் பச்சைப் பசேலென்று இருக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கேயே விளைந்ததைக் கேட்டு வாங்கி, வீட்டில் காற்றாடக் கட்டித் தொங்கவிட்டால் மாதக் கணக்கில் இருக்கும்.

குற்றாலமும் இந்தக் காலத்துக்குரியதே. அது மலையடிவாரம்தான், குளிர்ப் பிரதேசம் இல்லை. ஆனால் கேரள மழை கணவாய் வழியாக எட்டிப் பார்ப்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலும் அருவியும் சேர்ந்து வரும். மாட்டுத்தாவணியில் தென்காசி பஸ் ஏறினால் போதும். காவலர் விசில் ஊதினால் தலையைத் துவட்டிக்கொண்டுகூட நிற்காமல் உடனே வெளியேறுங்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து ஒரு பள்ளி மாணவன் அடித்துச் செல்லப்பட்டான். அருவிக்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே காட்டில் மழை பெய்திருக்கலாம். கும்பக்கரைக்கும் சுருளிக்கும் இதே விதிதான்.

புரட்டாசி நடுவில், காலாண்டு விடுமுறைச் சமயத்தில், மேற்கு மழை ஓய்ந்து கிழக்கு மழை தொடங்காத ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். மேகமலைக்கு அது நல்ல நேரம். தேயிலையெல்லாம் மழையில் குளித்து நிற்கும், அணைகளில் தண்ணீர் தளும்பும்.

ஐப்பசி, கார்த்திகையை நான் அனுபவித்தே கற்றேன். ஒரு தீபாவளி விடுமுறையில் அப்பத்தாவையும் அழைத்துக்கொண்டு கொடைக்கானல் போனோம். மூன்று நாளும் விடாத மழை. அறையில் ஈரச் சுவர், வெந்நீர் வராத குழாய். இறங்கும் நாளில் பெருமாள்மலைக்குக் கீழே மரம் விழுந்து ஐந்து மணி நேரம் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தோம். அப்பத்தாவுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. அந்தக் குளிரில் அவர் மூச்சு வாங்கியது இன்னும் என் காதில் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, திண்டுக்கல் மாவட்டம் வரை வந்து கொடைக்கானல் மரங்களையும் சாய்த்தது. கடலில் உருவாகும் தாழ்வு மண்டலத்துக்கும் நம் மலைக்கும் என்ன தொடர்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த இரண்டு மாதங்களில் வயதானவர்களையோ கைக்குழந்தையையோ மலையில் தங்க வைக்காதீர்கள்.

மார்கழி, தை குளிரை விரும்புகிறவர்களுக்கு. வானம் தெளிய ஆரம்பிக்கும். மூணாறின் தேயிலைப் பள்ளத்தாக்குகளில் சில விடியல்களில் வெப்பம் பூஜ்ஜியத்தைத் தொடும். அரையாண்டு விடுமுறையும் புத்தாண்டும் பொங்கலும் வரும் நாள்களில் மே மாதக் கூட்டத்துக்குக் குறைவில்லை. பொங்கல் முடிந்த மறுவாரம் போனால் அதே குளிர், கூட்டமில்லாமல் கிடைக்கும்.

குறிஞ்சியைப் பற்றி எல்லோரும் கேட்பதால் சொல்லிவிடுகிறேன். மலைச்சரிவையே நீலமாக்கும் அந்தக் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 1994, 2006, 2018-இல் பூத்தது. அடுத்தது 2030. பூக்கும் காலம் ஆடி முதல் புரட்டாசி வரை. இடைப்பட்ட வருடங்களில் அங்கங்கே நீலமாகத் தெரிவது குறிஞ்சியின் வேறு இனங்கள்.

மூன்றாவது படி: யார் யார் வருகிறார்கள்?

மாதம் முடிவானதும் கூட வருகிறவர்களை எண்ணிப் பாருங்கள். மலைப்பாதையே பழக்கமில்லாத குடும்பம் என்றால் ஒத்திகையாக அழகர்மலைக்குப் போய்வரலாம். மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர். பழமுதிர்சோலை வரை வண்டி போகும், மேலே நூபுர கங்கையில் நீராடலாம். யாருக்கு வளைவில் தலை சுற்றுகிறது, யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பது ஒரு காலைப் பொழுதில் தெரிந்துவிடும்.

ஒரே நாளில் போய்த் திரும்பச் சிறுமலை நல்லது. திண்டுக்கல்லிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், 18 கொண்டை ஊசி வளைவுகள். கொடைக்கானல் குளிரை அங்கே எதிர்பார்க்கக் கூடாது, ஆனால் காடும் அமைதியும் உண்டு. சிறுமலை வாழைப்பழம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். தோல் கறுக்க ஆரம்பித்த பழத்தில்தான் இனிப்பும் மணமும் முழுதாக இருக்கும். பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு மலை வாழைப்பழத்தைத் தேடுவது காரணமில்லாமல் இல்லை.

இரண்டு இரவு தங்குவதானால் கொடைக்கானல். மதுரையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர், பஸ்ஸில் நான்கு மணி நேரம். ஒரு இரவு மட்டும் தங்கப் போகாதீர்கள். ஏறிய களைப்பு தீர்வதற்குள் இறங்க வேண்டியிருக்கும். குளிர் தாங்காதவர்கள் இருந்தால் தாழ்வான தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் தங்கி, பகலில் மட்டும் மேலே போய்வரலாம்.

மூன்று இரவு கையில் இருந்தால் மூணாறு. தேனி, போடி வழியாக 160 கிலோமீட்டருக்குள். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். 2023 ஜூன் முதல் போடிநாயக்கனூர் வரை ரயில் மறுபடியும் ஓடுகிறது. மதுரையிலிருந்து அதில் போய், போடியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ ஜீப்போ பிடித்தால் சமவெளிப் பயணத்தின் அலுப்பு இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் உசிலம்பட்டிக்கு அப்பால் ஆண்டிபட்டிக் கணவாயில் மலை இரண்டு பக்கமும் நெருங்கி வருவதைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

மேகமலை எனக்கு மிகவும் பிடித்தது. சின்னமனூரிலிருந்து ஏறும் 18 வளைவுகளுக்கும் பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக்கொண்டே ஏறலாம். ஆனால் அது 2021-இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகப் பகுதி. தங்கும் இடம் குறைவு, சாப்பாட்டுக் கடை அதைவிடக் குறைவு, ஆஸ்பத்திரி தூரம். முதல் பயணத்துக்கு அது வேண்டாம், இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது படி: அனுமதியும் அறையும்

கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். பாஸ் எடுக்கக் கட்டணம் இல்லை, அரசின் இணையதளத்தில் வண்டி எண்ணையும் தேதியையும் கொடுத்தால் போதும். அறைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் பாஸை எடுத்துவிடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து பணத்தை இழக்கிறார்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பாஸ் தேவையில்லை.

ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு போங்கள். இந்த விதியைச் சலித்துக்கொள்ளாமல் பின்பற்றுங்கள் என்று வேண்டிக் கேட்கிறேன். சோலைக் காட்டு ஓடைகளில் நாம் போட்ட குப்பை கிடப்பதைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த ஓடைகள்தான் கீழே மஞ்சளாறாகவும் வராக நதியாகவும் இறங்கி வைகையில் சேர்கின்றன.

பேரிஜம் ஏரி போன்ற காட்டுக்குள் இருக்கும் இடங்களுக்கு வனத்துறை அனுமதி தனியாக வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள் என்ற கணக்கும் உண்டு. காலையில் முதல் வேலையாக அதைப் பாருங்கள். மேகமலை, சிறுமலைச் சோதனைச் சாவடிகளில் பொழுது சாய்ந்தால் விட மாட்டார்கள்.

அறை எடுக்கும்போது போனில் மூன்று கேள்விகள் கேளுங்கள். வெந்நீர் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை வரும்? அறைக்கு எத்தனை கம்பளி கொடுப்பீர்கள்? அறை வாசல் வரை வண்டி வருமா, படி ஏற வேண்டுமா? மலையில் "பக்கத்தில்தான்" என்பதற்கு ஐம்பது படி என்றும் பொருள் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த மூன்றாவது கேள்விதான் பயணத்தையே தீர்மானிக்கும்.

ஐந்தாவது படி: ஏறுவதும் இறங்குவதும்

மதுரையிலிருந்து காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். நிலக்கோட்டை தாண்டி வத்தலக்குண்டில் இரண்டு இட்லி, அதற்கு மேல் வேண்டாம். பூரியும் பொங்கலும் சாப்பிட்டுவிட்டு வளைவுகளில் ஏறிய பிள்ளை வாந்தி எடுக்காமல் வராது. பெட்ரோலும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுத்து முகர்ந்துகொண்டே வரச் சொல்லலாம். போனைப் பார்க்காமல் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமாக வாந்தி வருகிறவர்களுக்கு மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். வாந்தி வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை.

காட்ரோடு தாண்டி ஏற்றம் தொடங்கும். டம்டம் பாறையில் நிறுத்தி எதிரே பாருங்கள். கிட்டத்தட்ட முந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து மெல்லிய கோடாக விழும் தலையாறு அருவியை எலிவால் அருவி என்று சொல்வார்கள், பார்த்தால் காரணம் புரியும். வெள்ளி அருவியில் கூட்டமாக இருந்தால் நிற்காதீர்கள், அது இறங்கும்போதும் அங்கேதான் இருக்கும்.

வண்டி ஓட்டுகிறவருக்கு ஒரே ஒரு பாடம் போதும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகும் வாடை வந்தால் உடனே ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள், வளைவில் ஒலி எழுப்புங்கள், பனிமூட்டத்தில் முகப்பு விளக்கைத் தாழ்த்தி வைத்து ஓட்டுங்கள். சமவெளியில் இருபது வருடம் ஓட்டியவராக இருந்தாலும் மலைப்பாதைக்குப் புதியவர் என்றால், முதல் முறை மலை பழகிய டிரைவரை அமர்த்துங்கள். இரவில் ஏறவே வேண்டாம். கொடைக்கானல் தெருக்களிலேயே காட்டுமாடுகள் நடமாடும், பெருமாள்மலைப் பக்கம் யானை வருவதும் உண்டு. காட்டுமாடு நின்று பார்க்கிறது என்றால் படம் எடுக்க நெருங்காமல், அது நகரும் வரை தள்ளியே இருங்கள்.

ஆறாவது படி: பை

மதுரைக்காரர் வீட்டில் குளிர் உடை இருக்காது. அதற்காகப் புதிதாக வாங்கிக் குவிக்கத் தேவையில்லை. ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா அல்லது மப்ளர், இரண்டு ஜோடி சாக்ஸ். உள்ளே பருத்திச் சட்டை இரண்டு சேர்த்துப் போட்டால் அதுவே பாதிக் குளிரைத் தாங்கும். கைக்குழந்தைக்குத் தலையும் பாதமும் மூடியிருக்க வேண்டும். ஆனி முதல் கார்த்திகை வரை என்றால் குடையைவிட ரெயின்கோட் மேல், ஏனென்றால் மலைக்காற்று குடையைத் திருப்பிவிடும். ஈரமான துணி இரண்டு நாளானாலும் அங்கே காயாது, அதனால் மாற்றுத் துணி ஒன்று கூடுதலாக வேண்டும். மேகமலை, மூணாறு பக்கம் மழைக்காலத்தில் அட்டை ஏறும். உப்புப் பொட்டலம் ஒன்று பையில் இருக்கட்டும்.

இழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். சாலை அடைபட்டால் அது காப்பாற்றும். எங்கள் அப்பத்தாவின் மருந்து அன்று பஸ்ஸின் மேலே கட்டியிருந்த பெட்டிக்குள் இருந்தது. மருந்துப் பை எப்போதும் மடியில் இருக்க வேண்டும். வெயில்காலத்தில் போனாலும் தொப்பி வேண்டும், குளிர்ந்த காற்றில் வெயில் உறைக்காது, மாலையில்தான் முகம் எரியும்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால்

வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். திண்டுக்கல், தேனி மாவட்டங்களுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். சிவப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம். மூணாறு போகிறவர்கள் இடுக்கி மாவட்ட எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். மதுரையில் வெயில் அடிப்பதை வைத்து மலை நிலவரத்தை ஊகிக்காதீர்கள். நீங்கள் தங்கப் போகும் இடத்துக்கே போன் செய்து, "இன்று காலையில் மழை இருந்ததா, சாலை திறந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். அவர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்துச் சொல்லும் பதில் எந்த வானிலைப் படத்தையும்விட நம்பகமானது.

அறை எடுக்கும்போதே தேதி மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டு எழுதி வாங்கியிருந்தால் இந்தக் கட்டத்தில் மனம் பதறாது. பிள்ளைகள் ஏமாந்து போவார்கள்தான். கிழக்கே மழை என்றால் மேற்கேயும், மேற்கே மழை என்றால் கிழக்கேயும் போக ஒரு மாற்று இடத்தை முதலிலேயே அவர்களோடு சேர்ந்து முடிவு செய்து வைத்திருங்கள். ஜூலையில் மூணாறு நின்றுபோனால் கொடைக்கானல். நவம்பரில் எல்லாம் நின்றுபோனால் ஒரு வெயில் நாளாகப் பார்த்து அழகர்மலை.

திரும்பும் நாளில் மதியச் சாப்பாட்டை ஒரு மணிக்குள் முடித்து இறங்க ஆரம்பியுங்கள். நான்கு மணிக்கு வத்தலக்குண்டு வந்துவிடலாம். பாதி வழியிலேயே ஒவ்வொருவராக ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள், காது அடைத்துத் திறக்கும், ஜன்னல் வழியாக வெப்பம் உள்ளே வரும். அந்த ஸ்வெட்டர்களை அப்படியே சுருட்டி வைக்காமல், வீடு வந்ததும் ஒரு நாள் வெயிலில் உலர்த்தி, வேப்பிலை போட்டுப் பரணில் எடுத்து வையுங்கள். மலை ஈரம் தங்கிய கம்பளியில் பூஞ்சை பிடித்துவிடும், அடுத்த மாசிக்கு அது வேண்டுமல்லவா.